ரோஜா ஒலிநாடாவும் எங்கள் வீட்டுத் தபேலாவும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி)

சென்ற ஆண்டு நம் கல்லூரி முத்தமிழ் விழாவில் "இசைக்கு உயிர் தருவது கருவியா, கலைஞனா?" என்றொரு பட்டிமன்றம் நடந்தது நண்பர்களுக்கு நினைவிருக்கும். பேசியவர்களுள் ஒருவர், "மின்சாரம் நின்றால் நின்றுபோகும் இசையும் ஓர் இசையா?" என்று கேட்டார். அரங்கம் அதிரக் கைதட்டினோம். நானும் தட்டினேன். ஆனால் பேருந்தில் ஊர் திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னை விடவில்லை. மின்சாரத்தில் பிறந்த இசைத்தொகுப்பு ஒன்றைத்தான் நான் தாலாட்டுப் போலக் கேட்டு வளர்ந்தேன். அதே இசைத்தொகுப்பு வந்த பிறகுதான் என் தந்தையார் மேடையை விட்டு இறங்கினார். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்ல அன்று எனக்கு மேடை இல்லை. ஆண்டு மலரில் நான்கு பக்கம் கேட்டேன். ஆசிரியர் குழுவினர் "அறிவியல் கட்டுரையாக இருக்கட்டும்" என்று சொல்லித் தந்தார்கள். அறிவியலும் இதில் உண்டு.

நான் சொல்ல வருவது 1992 ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளிவந்த 'ரோஜா' படத்தின் பாடல்களைப் பற்றி. மணிரத்னம் இயக்கியது, கே. பாலசந்தரின் கவிதாலயா தயாரித்தது, பாடல்கள் வைரமுத்து. இசையமைப்பாளராக ஏ. ஆர். ரகுமானுக்கு அதுவே முதல் திரைப்படம். அவ்வாண்டுக்கான தேசிய விருது இசைக்காக ரகுமானுக்கும், பாடலுக்காக வைரமுத்துவுக்கும் கிடைத்தது. 2005-இல் அமெரிக்காவின் டைம் வார இதழ் உலகின் மிகச் சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளுள் ஒன்றாக இதைச் சேர்த்தது. இவை எல்லாரும் அறிந்த செய்திகள். விருதுக் குழுவினருக்கு ஏன் பிடித்தது என்பது அவர்கள் கவலை. விருதுநகர்ச் சீமையில், கந்தக வாடையோடு வீடு திரும்பும் மக்களுக்கு அது ஏன் பிடித்தது என்பதே என் கவலை.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அந்த ஒலிநாடா இன்றும் இருக்கிறது. விருதுநகர் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடையில் அப்பா வாங்கியது. அப்போது நம் மாவட்டத்துக்குக் காமராசர் மாவட்டம் என்று பெயர். அப்பா பிறந்த ஆண்டு 1967; ரகுமான் பிறந்ததும் 1967. ஆக, ரோஜா வந்தபோது இருவருக்கும் வயது இருபத்தைந்து. இந்தப் பொருத்தத்தை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவள் நான்தான்.

அப்பா சாத்தூர் வட்டாரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் தபேலா வாசித்தார். குழுவில் பதினொரு பேர். விருதுநகர் பங்குனிப் பொங்கல், இருக்கன்குடி ஆடித் திருவிழாக் காலம், சிவகாசிப் பக்கம் கலியாணங்கள், காதுகுத்து என்று ஆண்டில் ஆறு மாதமாவது வேலை இருக்கும். புதுப்படப் பாடல்கள் வந்தால் உடனே ஒலிநாடா வாங்கி, எல்லாரும் ஒரு டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து 'பாட்டெடுப்பார்கள்'. ஓடவிட்டு, நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, மறுபடி ஓடவிட்டு, அவரவர் தம் கருவிக்குரிய பகுதியைப் பிரித்தெடுத்துக் கொள்வது. இளையராஜா பாடல் என்றால் எத்தனை நுணுக்கமாக இருந்தாலும் இரண்டு மாலைப் பொழுதில் எடுத்துவிடுவார்களாம். இது வயலின், இது குழல், இது தபேலா என்று காதுக்கே தெரியும். கடினம் வாசிப்பதில் இருந்ததே தவிர, கண்டுபிடிப்பதில் இல்லை.

ரோஜாவைப் போட்டார்கள். முதல் பாட்டு முடிந்தும் ஒருவரும் பேசவில்லையாம். மறுபடி போட்டார்கள். டிரம்பெட் வாசிப்பவர்தான் முதலில் சிரித்தார். "இதுல நான் எங்கப்பா இருக்கேன்?" என்று கேட்டாராம். அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவரைப் போலவே கன்னத்தை உப்பிக்கொண்டு சொல்வார். மணி போலவும் இல்லாமல் வீணை போலவும் இல்லாமல் ஒரு நாதம். தோலும் இல்லாமல் தகரமும் இல்லாமல் ஒரு தாளம். அவற்றுக்கு அவர்களிடம் பெயர் இல்லை. பெயர் தெரியாததை எப்படி எடுப்பது?

நிற்க. அந்தப் பெயரில்லாத ஒலிகள் எங்கிருந்து வந்தன என்பதை இயற்பியல் மாணவி என்ற உரிமையில் சற்று விளக்க வேண்டும்.

ஒரே அதிர்வெண்ணில் ஒரு குழலும் ஒரு வயலினும் ஒலித்தாலும் நாம் பிரித்தறிகிறோம். அடிப்படைச் சுரத்தோடு எழும் மேற்சுரங்கள் கருவிக்குக் கருவி வேறுபடுவதே காரணம் என்று படித்திருக்கிறோம். இதை நம் பாடநூல் சுரத்தின் தரம் என்று சொல்லும். சிந்தசைஸர் என்னும் கருவி இந்தத் தரத்தையே மின்சுற்றினால் ஆக்குகிறது. அலையியற்றி ஒன்று மேற்சுரங்கள் செறிந்த மின்னலையை உண்டாக்கும். வேண்டாத அதிர்வெண்களை வடிப்பான் நீக்கும். அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவர் 1964-இல் இத்தகைய கருவி ஒன்றை வடிவமைத்துக் காட்டினார். குழலில் காற்று உண்டு, வயலினில் நரம்பு உண்டு. இதில் அதிர்வது மின்னோட்டம் மட்டுமே. ஒலிபெருக்கியின் தாளில் பட்ட பிறகுதான் அது காற்றைத் தொடுகிறது.

ஆனால் சுரத்தின் தரம் மட்டும் போதாது. ஓர் ஒலி எப்படி எழுகிறது, எப்படித் தணிகிறது, எவ்வளவு நேரம் நிலைக்கிறது, எப்படி மறைகிறது என்ற நான்கும் சேர்ந்துதான் அதன் முகம். இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வெளியூர் உவமை எதற்கு? லட்சுமி வெடியை எடுத்துக்கொள்ளுங்கள். கண் இமைப்பதற்குள் உச்சம். அடுத்த கணம் ஒன்றுமில்லை. மத்தளம், தபேலா, டிரம் இவையெல்லாம் இந்த இனம். புஸ்வாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லக் கிளம்பி, உயர்ந்து, சிறிது நேரம் நின்று, சொரிந்து, தணியும். பல வயலின்கள் ஒன்றாக இழைவது இந்த இனம். சிந்தசைஸரில் இந்த நான்கையும் நான்கு குமிழ்களைத் திருப்பி மாற்றிவிடலாம். லட்சுமி வெடியின் எழுச்சியும் புஸ்வாணத்தின் மறைவும் கொண்ட ஓர் ஒலியை ஆக்கலாம்.  சாத்தூரில் பதினொரு பேர் பெயர் தெரியாமல் விழித்தது இத்தகைய ஒலிகளைக் கேட்டுத்தான்.

இன்னொன்று, சீக்குவென்சர் என்பது. எந்த ஒலி எந்தக் கணத்தில் எழ வேண்டும் என்பதை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்துவிட்டால், கருவி தானே வாசித்துச் செல்லும். பல நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள மிடி என்ற பொதுமொழி 1983-இல் வந்தபின் இது எளிதாயிற்று. பட்டிமன்றத்தில் 'உயிரற்றது' என்று சாடப்பட்டது இதுவே.

என் அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னியவர். சின்னச் சின்ன வெடிகளின் திரிகளை ஒன்றோடொன்று சேர்த்து முடைந்துகொண்டே போக வேண்டும். வெடிக்கும் வெடிக்கும் உள்ள இடைவெளி பிசகினால் கொளுத்தும்போது ஓட்டம் தடுமாறும். நன்றாகப் பின்னிய சரம் மத்தளச் சொல் போலச் சீராகப் பொரிந்து முடியும். (2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. அதன்பின் அம்மா வேறு வேலைக்கு மாறி, இப்போது மத்தாப்புப் பெட்டி அடைக்கிறார்.) சரம் வெடிக்கும்போது பின்னிய கை அங்கே இல்லை. எங்கோ வடநாட்டில் யாரோ கொளுத்துகிறார்கள். ஆனாலும் அந்த ஓட்டம் அந்தக் கையுடையதுதான். சீக்குவென்சரில் வரும் தாளத்தை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். உயிர் இருக்கிறதா இல்லையா என்று கேட்பவர்கள் கொளுத்தும் நேரத்தைப் பார்க்கிறார்கள். பின்னிய நேரத்தைப் பார்ப்பதில்லை.

இந்தக் கருவிகளை வைத்துப் பாட்டுக் கட்டியவர்களுள் ரகுமான் முதல்வர் அல்லர். செருமனியில் கிராஃப்ட்வெர்க் குழுவினர் 1974-இல் நெடுஞ்சாலைப் பயணத்தையே மின்னிசையில் ஒரு தொகுப்பாக்கினார்கள். சப்பானில் எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா 1978-இல் தம் முதல் தொகுப்பை வெளியிட்டது. 1981-இல் இங்கிலாந்தின் பேசில்டன் என்ற ஊரிலிருந்து டெபேஷ் மோட் என்ற இளைஞர் குழு தம் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தது. சிந்த் பாப் என்று ஓர் இசை வகையே அங்கு உருவாகிவிட்டது. பெரிய வாத்தியக் குழுவை அமர்த்தப் பணமில்லாத சிறிய ஊர்ப் பிள்ளைகளுக்கு, விலை குறைந்துவந்த சிந்தசைஸர் ஒரு கதவாக இருந்தது என்பது அந்த வரலாற்றின் சாரம். நம் நாட்டில் பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங் என்பவர் 1982-இல் பத்து இராகங்களைச் சிந்தசைஸரில் டிஸ்கோ தாளத்துக்கு வாசித்து இசைத்தட்டாக்கினார். அப்போது சீந்துவாரில்லை. 2010-இல் மறுபடி வெளியிடப்பட்டபின்தான் உலகம் வியந்தது.

தமிழில் இந்தப் பாதையைத் திறந்தவர் இளையராஜாவே. 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு அவர் கணிப்பொறி இசையைக் கையாண்டார். அவர் குழுவில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவர்களுள் ஒருவர் ரகுமான். ஆகவே "ரகுமான்தான் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்" என்று புகழ்வோரும் பழிப்போரும் சற்று நிதானிக்க வேண்டும். ரகுமான் செய்தது வேறு. அதைச் சொல்ல அவர் வீட்டுக் கதைக்குள் போக வேண்டும்.

அவர் தந்தை ஆர். கே. சேகர் மலையாளத் திரையுலகில் இசை நடத்துநராகவும் இசையமைப்பாளராகவும் இருந்தவர். 1976-இல் அவர் மறைந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் காலம் தள்ளியது. கருவி ஒரு வீட்டில் அடுப்பெரித்தது என்று இதை நான் படித்தபோது, எங்கள் வீட்டில் கருவிகள் என்னவாயின என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். பள்ளிப் பருவத்திலேயே வாசிக்கப் போய், பின்பு விளம்பரப் படங்களுக்கு இசையமைத்து, 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுப் பின்புறத்திலேயே 'பஞ்சதன்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். ரோஜா பிறந்தது அந்தக் கூடத்தில்.

இந்த இடம்தான் எனக்கு முக்கியம். அதுவரை திரைப்பாடல் என்பது ஒரு பெரிய கூடத்தில், பல பத்துக் கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து, குறித்த நேரத்துக்குள் வாசித்து முடிக்க வேண்டிய காரியம். நேரம் என்றால் பணம். ஒரு சுரம் மனத்துக்கு நிறைவாக இல்லை என்றாலும் எத்தனை பேரை மறுபடி வாசிக்கச் சொல்வது? இளையராஜா போன்றவர் எல்லாவற்றையும் முன்னரே தாளில் எழுதி முடித்துவிட்டு வந்து நிற்பார். அது அவர் மேதைமை. சொந்தக் கூடம் உள்ளவனுக்கு அந்த அவசரம் இல்லை. நள்ளிரவில் ஒரு தாளத்தைப் போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம், விடியும்வரை ஒரே ஒலியின் மறைவை நீட்டியும் குறுக்கியும் பார்க்கலாம். யாருக்கும் கூலி பாக்கியில்லை, யாரும் கடிகாரத்தைப் பார்க்கமாட்டார்கள். ரகுமான் இரவில் வேலை செய்பவர் என்பது ஊரறிந்த செய்தி. ரோஜா பாடல்களில் நான் கேட்பது அந்த இரவைத்தான்.

மின்மினி பாடிய அந்தச் சின்ன ஆசைகளின் பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிராமத்துப் பெண்ணின் துள்ளலைச் சொல்லும் பாட்டு. படத்தில் அவள் ஊர், தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரம். நமக்கு அடுத்த சீமை. வழக்கப்படி அங்கே நாதசுரமும் தவிலும் கொட்டி முழங்கியிருக்க வேண்டும். ரகுமான் வைத்ததோ மேற்கிந்தியத் தீவுகளின் ரெகே நடைக்கு நெருங்கிய, மிக மெல்லிய ஒரு தாளம். கீழே ஒரு பேஸ் ஒலி அடி எடுத்து வைக்கிறது. மேலே சிறு சிறு நாதங்கள் சொட்டுகின்றன. நடுவே ஏராளமான இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்தில் அந்தக் குரல் தனியாக நிற்கிறது. கிராமத்தை இசையால் நிரப்பாமல், அந்தப் பெண்ணின் பேச்சு கேட்கும்படி ஒதுங்கி நிற்கிறது இசை.

நம் பகுதியில் வாழ்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். நாம் ஓசையை உண்டாக்கி விற்கும் மக்கள். நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லுக்கு மேல் போகக்கூடாது என்று அரசு பட்டாசுக்கு வரம்பு கட்டியிருக்கிறது என்றால், நாம் எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து, கையிலும் கழுத்திலும் படிந்த அலுமினியப் பொடியைத் தேய்த்துக் குளித்துவிட்டு உட்காரும் ஒருவருக்கு, இன்னொரு முழக்கம் வேண்டியதில்லை. அம்மா கலியாணமாகி வந்த புதிதில் இந்த ஒலிநாடாவைத்தான் இரவில் கேட்டாராம். "சத்தமில்லாத பாட்டு" என்பது அவர் வைத்த பெயர். அது சத்தமில்லாத பாட்டு அன்று என்பதை இயற்பியல் அறியும். குறைந்த அதிர்வெண்ணும் மிகுந்த அதிர்வெண்ணும் தெளிவாகப் பிரிந்து, நடுவில் குரலுக்கு வழிவிட்டதால் அப்படித் தோன்றியது. ஆனால் அம்மாவின் பெயரே சரியான பெயர் என்று நான் கருதுகிறேன்.

உண்ணி மேனனும் சுஜாதாவும் பாடிய பனிப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். பனியை நம்மில் யார் பார்த்தோம்? மார்கழி விடியலில் கரிசல் காட்டின்மேல் படியும் வெண்மைதான் நமக்குத் தெரிந்த பனி. ஆனால் அந்தப் பாட்டின் தொடக்கத்தில், புஸ்வாண இனத்து ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து பரவுகின்றனவே, அப்போது தோலில் ஒரு குளிர் தெரிகிறது. பார்த்ததை நினைவூட்டும் கருவிகள் உண்டு. குழல் மேய்ச்சலை நினைவூட்டும், நாதசுரம் கோவிலை நினைவூட்டும். பாராத ஒன்றைக் காட்ட, எந்த நினைவும் ஒட்டாத ஒலி தேவைப்பட்டது. அதைச் சிந்தசைஸர் தந்தது.

முதலிரவுப் பாட்டில் ஊர்ப் பெண்கள் கூடிப் பாடும் குரல்களுக்கு அடியில் இயந்திரத் தாளம் இடியாக விழுகிறது. அங்கே பாலசுப்பிரமணியமும் சித்ராவும் இருந்தும், என் காது அந்தக் கூட்டுக் குரல்களிலேயே நிற்கும். ஹரிஹரன் பாடிய நாட்டுப்பற்றுப் பாடல் எனக்கு அத்தனை பிடிப்பதில்லை. மற்ற பாடல்களில் ஒதுங்கி நின்ற இசை அங்கே மட்டும் முன்னால் வந்து முழங்குகிறது. இது என் கருத்து. மறுப்போர் உண்டு, அவர்களுள் அப்பாவும் ஒருவர்.

இத்தொகுப்பு முழுவதும் இயந்திரம் என்று எண்ணிவிடக் கூடாது. குரல்கள் மனிதருடையவை, குழலில் மூச்சு இருக்கிறது. இயந்திரத்தின் நேர்த்தியான கோட்டுக்குப் பக்கத்தில் வைக்கும்போது, மனிதக் குரலின் சிறு நடுக்கமும் மூச்சும் முன்னிலும் துலக்கமாகத் தெரிகின்றன. வெள்ளைச் சுவரில் விழும் நிழல் போல.

இனி, கடன்பட்ட செய்திக்கு வருகிறேன்.

1993 பங்குனிப் பொங்கலுக்கு அப்பாவின் குழு ரோஜா பாடல்களை வாசித்தது. தபேலா, டோலக், ஒரு சின்னக் கீபோர்டு, கிதார் வைத்து எப்படியோ ஒப்பேற்றினார்கள். கூட்டம் கைதட்டியது. ஆனால் மறுவருடம் ஒரு கலியாண வீட்டார், "கேசட்டுல கேக்கற மாதிரியே இருக்கணும்" என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்களாம். அதற்கடுத்த வருடம் எல்லாரும் அப்படியே சொன்னார்கள். குழுவின் சொந்தக்காரர் கடன் வாங்கிப் பெரிய கீபோர்டும் ரிதம் பேடும் வாங்கினார். வயலின்காரர் இருவர் முதலில் போனார்கள்; பிறகு டிரம்பெட். பதினொன்று ஆறாயிற்று, ஆறு நான்காயிற்று. அப்பாவை ரிதம் பேடு வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தும் பார்த்தார். ரப்பர் தட்டில் குச்சியால் தட்டினால் தபேலா சத்தம் வரும். "பத்து வெரலுக்குச் சொல்லிக்கொடுத்தத ரெண்டு குச்சிக்கு எப்படிச் சொல்றது பாப்பா" என்பார். 1997-இல் விலகினார். அதன்பின் பட்டாசு ஆலையில் பெட்டி ஏற்றும் வேலை, இன்றும் அதே. டோலக்கையும் பாங்கோசையும் விற்றதில்தான் அக்காவின் காதுகுத்து நடந்தது. தபேலாவை மட்டும் விற்கவில்லை.

எனக்கு விளங்காமல் இருந்தது இதுதான். ரகுமான் தம் கூடத்தில் நள்ளிரவில் யாருடைய துணையும் வேண்டாமல், யாரையும் காக்கவைக்காமல், தம் மனத்துக்கு நிறைவாகும்வரை இழைத்தார் அல்லவா? அந்தத் தனிமைதான் அப்பாடல்களின் அழகு என்று மேலே சொன்னேன். 'யாருடைய துணையும் வேண்டாமல்' என்பதில் அடங்கியவர்கள் யார் யார்? வயலின்காரர் இருவர், டிரம்பெட்காரர், என் அப்பா. அழகு ஒரு காரணத்தால் வந்தது, வேலை வேறொரு காரணத்தால் போனது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் எனக்கு எளிதாக இருக்கும். இரண்டும் ஒரே கதவின் வழியாக வந்தன.

ஒருநாள் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "அந்தக் கேசட்டப் பாத்தா உங்களுக்குக் கோவமே வராதாப்பா?"

அவர் முறுக்கிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "நல்லாருக்கே பாப்பா. நல்லாருக்கறத என்ன சொல்லச் சொல்ற?" என்றார். சற்று நேரம் கழித்து அவரே, "தபேலா வேணாம்னு யாரும் சொல்லல. பதினோரு பேருக்குச் சாப்பாடு போடணுமேன்னுதான் சொன்னாங்க" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒன்று கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சாரம் இருந்தால் அப்பா பழைய டேப் ரிக்கார்டரை எடுத்து அந்த ஒலிநாடாவைப் போடுவார். மின்மினியின் பாட்டு வரும்போது, நான் மேலே சொன்ன காலி இடங்களில், தபேலாவில் மிக மெதுவாக இரண்டொரு சொற்கட்டு வைப்பார். 1992-இல் பதினொரு பேரும் தேடிக் கிடைக்காத தம் இடத்தை இப்போது அவரே போட்டுக்கொள்கிறார் போலும். பாட்டைக் கெடுக்கமாட்டார், குரல் வந்ததும் கையை எடுத்துவிடுவார்.

சென்ற மாதம் என் கைப்பேசியில் அதே பாட்டைப் போட்டுக் காட்டினேன். ஒலி பளிங்கு போல இருந்தது. அப்பா தபேலாவில் கை வைத்தவர் உடனே எடுத்துவிட்டு, "சுருதி சேரல" என்றார். எனக்குச் சந்தேகம் வந்து இரண்டையும் அளந்து பார்த்தேன். எங்கள் டேப் ரிக்கார்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் பட்டை தளர்ந்து, நாடா நூற்றுக்கு மூன்று பங்கு மெதுவாக ஓடுகிறது. அதனால் பாட்டு முழுவதும் சுருதி கால் சுரம் அளவுக்கு இறங்கியிருக்கிறது. கைப்பேசியில் வருவதே சரியான சுருதி என்று எண்களைக் காட்டி விளக்கினேன்.

"சரி, இருக்கட்டும்" என்றார் அப்பா. சின்னச் சுத்தியலை எடுத்துத் தபேலாவின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார், காதைத் தோலருகே வைத்துக் கேட்டார், இன்னொரு தட்டு. பிறகு கைப்பேசியை அணைக்கச் சொல்லிவிட்டு டேப் ரிக்கார்டரின் பொத்தானை அழுத்தினார்.